வெள்ளந்தியோடு நாற்பது நாள்

காலை ஆறு மணிக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கும் பரமார்த்தலிங்கத்தைக் கூப்பிட்டேன். மூன்று நாளாக வருகிறேன் வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டிருந்தார். வந்த ஆத்திரத்தில், “யோவ், நீரு வாரீரா, இல்ல நான் வந்து உம்ம கடைய இழுத்துப் பூட்டவா?” என்று கத்தினேன். அவர் காதில் அது என்னவாகப் போய் விழுந்ததோ, எனக்குத் தெரியாது. “தங்கள் அழைப்பு மகிழ்ச்சி அளிக்கிறது. விரைவில் சந்திப்போம்” என்று பதில் வந்தது. குரல் அச்சு அசல் அவருடையது, பேச்சு மட்டும் கனிவி தயாரித்தது. அன்றைக்கும் அவர் வரவில்லை.

கனிவி என்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லாக் கைபேசியிலும் சட்டப்படி இருக்கிற மென்பொருள். போனில் திட்டியும் மிரட்டியும் வதந்தி கிளப்பியும் தெருவுக்குத் தெரு வெட்டுக்குத்து நடந்த காலத்தில் கொண்டுவந்தார்கள். நாம் பேசுவதை நம் குரலிலேயே நயமாக்கி மறுமுனையில் சேர்த்துவிடும். அப்புறம் காதில் மாட்டும் செவிமணி வந்தது. அடுத்த அறையில் இருக்கிறவரிடம்கூட அதன் வழியாகத்தான் பேச்சு. வெறும் வாயால் பேசினால் நடுத்தெருவில் எச்சில் துப்பியது போலப் பார்ப்பார்கள். சண்டை குறைந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரிலேயே கனிவிக்கு அதிகம் வேலை வைக்கிறவள் நான்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

என் பெயர் உச்சிமாகாளி. ஆலங்குறிச்சித் தேருக்கு வழிகாட்டி. தேருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை போட வேண்டும், வடத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவள். நாலு மாடி உயரத் தேருக்கு பிரேக் என்று இருப்பது சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் அந்த மரக்கட்டை மட்டும்தான். சக்கரத்தை ஒட்டிக் குனிந்து அதைப் போடுகிறவன் என் கொழுந்தன் சங்கிலிபூதத்தான்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தெற்கு முக்கில் தேர் திரும்பும்போது அவன் இடது பாதத்தில் பாதி சக்கரத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தவனைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “மனதில் ஒன்றுமில்லை மதினி, அப்போதே மன்னித்துவிட்டேன்” என்றான். நானும் நம்பினேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் வாழ்த்து வரும். ஆனால் எங்கள் வீட்டு வாசல் மட்டும் மிதிக்க மாட்டான். கேட்டால், “வேலைப்பளு மதினி.” அந்த ஆண்டிலிருந்து தேரும் தகரக் கொட்டகைக்குள் நின்றுவிட்டது. இந்த ஆண்டும் ஓடவில்லையென்றால் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. சங்கிலி இல்லாமல் தேர் ஓடாது. வேறு யாருக்கும் அந்தக் கைக்கணக்கு தெரியாது.

இந்த நிலையில்தான் வெள்ளந்தி வந்தது. கனிவி இல்லாத கைபேசி. இரண்டு முனையிலும் வெள்ளந்தி இருந்தால் நாம் பேசியது பேசியபடியே போகும். கடைக்கு வரும் முன் இருநூறு பேர் நாற்பது நாள் பயன்படுத்தி, அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. தேர்க்குழு விண்ணப்பித்ததால் எங்கள் ஊருக்கு நாற்பது போன் கிடைத்தது. நான் எழுதிக்கொடுத்த குறிப்புதான் இது. ஒரு பக்கம் போதும் என்றார்கள், எனக்குப் போதவில்லை.

மற்றவர்கள் எழுதியதையும் பார்த்தேன். டீக்கடை அருணாசலவடிவு அக்கா, “இருவது வருசமா எல்லாரும் அருமைன்னாங்க. மொத நாளே ஒருத்தர் கழுநீர் மாதிரி இருக்குன்னுட்டாரு. தூளை மாத்திட்டேன், இப்பக் கூட்டம் தாங்கல” என்று எழுதியிருந்தார். தலைமையாசிரியை ஜெபக்கனி, மகள் பேசியதைக் கேட்டு ஒரு மணி நேரத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தவர், சாயங்காலமே வந்து வாங்கிக்கொண்டு போனார். வடம்பிடிக் குழுவின் மைதீன் பிச்சை எழுதியது இரண்டே வரி. “சார்ஜ் ரெண்டு நாள் நிக்குது, கேமரா சுமார். மாமியாரைத்தான் தாங்க முடியல.”

நான் சங்கிலிக்கும் ஒன்று கொடுத்தனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

“எலே சங்கிலி, மதினி பேசுதேன். தேருக்கு வருவியா, மாட்டியா?”

“வரமாட்டேன். ஒங்க பேச்சக் கேட்டு இன்னொரு காலையும் குடுக்கணுமாக்கும்?”

இருபத்திரண்டு ஆண்டுகளில் என்னிடம் ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. “என்னல பேசுத? மன்னிச்சுட்டேன்னு சொன்னியே.”

“நானா? ஆஸ்பத்திரில கெடந்துக்கிட்டு, சாவுற வரைக்கும் ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்னுல்லா சொன்னேன்.”

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அன்னைக்கு நீ ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் வடத்த நிறுத்தியிருக்க மாட்டேனா?”

“நிறுத்துங்க மதினி, கால் மாட்டிக்கிட்டுன்னு மூணு தடவ கத்துனேன். நீங்க அதக் கேட்டுட்டும் இழுன்னு கை காட்டுனிய. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

தேர் திரும்பிய அந்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேளச் சத்தத்துக்கு நடுவே செவிமணியில் அவன் குரல் சாவகாசமாக, “மதினி, வசதிப்பட்டால் சற்று ஓய்வெடுக்கலாமே” என்று மூன்று முறை சொன்னது. பாவம், களைத்துவிட்டான், முக்கு திரும்பியதும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்து, இழுக்கச் சொல்லும் பச்சைத் துண்டை வீசினேன்.

அதை அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை முட்டியது.

“ஓய்வா?” என்றான் சங்கிலி. “காலு நசுங்கிட்டுக் கெடக்கு, ஓய்வா கேட்டேன் நான்?” அப்புறம் கனிவியைக் கண்டுபிடித்தவன் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன். திட்டிக்கொண்டே இருவரும் அழுதோம். போனை வைக்கும் முன், “தேருக்கு வாரேன். ஆனா மனசு இன்னும் ஆறல மதினி, அதையும் சொல்லிருதேன்” என்றான்.

தேரோட்டத்தன்று முந்நூறு பேர் வடம் பிடித்தார்கள். சங்கிலி பாதி காலுக்கென்று தைத்த செருப்போடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்துக்குப் போனான். எங்கள் இருவர் செவிமணியும் வெள்ளந்தியில் இணைந்திருந்தது. மேற்கு, வடக்கு, கிழக்குத் தெருக்கள் கடந்தன. கடைசியாகத் தெற்கு முக்கு வந்தது. இந்தப் பக்கம் ஜவுளிக்கடைப் படிக்கட்டு, அந்தப் பக்கம் சாக்கடை, நடுவே தேர் திரும்ப ஒரு முழம்தான் மிச்சம்.

“வலது கட்டை போடுல.”

“போட்டாச்சு. இழுக்கச் சொல்லுங்க.”

பச்சைத் துண்டை வீசினேன். தேர் முனகிக்கொண்டு அசைந்தது. உடனே செவிமணி கிழிகிற மாதிரி, “நிறுத்துங்க” என்று ஒரு கத்தல். என்ன ஏது என்று நான் யோசிக்கவே இல்லை. சிவப்புத் துண்டு மேலே போனது, முந்நூறு பேரும் வடத்தைத் தரையில் போட்டார்கள்.

“எலே, கால் இருக்கா?”

“இருக்கு. கட்டைதான் பிளந்துட்டு. வேற வரட்டும். நான் சொல்லுத வரைக்கும் அந்தத் துண்ட எறக்குனிய, நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

“சரில, கத்தாத. காது போவுது.”

“கத்தத்தான் செய்வேன்.”

“கத்து, நல்லாக் கத்து” என்றேன். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவனும் சிரித்தது காதில் கேட்டது. புதுக்கட்டை வந்தது. அவன் இழுக்கச் சொன்னதை நான் மறுத்தேன், நான் கட்டை போடச் சொன்னதை அவன் மறுத்தான், ஒவ்வொரு அங்குலத்துக்கும் சண்டை போட்டுத் தேரைத் திருப்பினோம். படிக்கட்டை உரசாமல் சக்கரம் முக்கைத் தாண்டியபோது ஊரே எழுப்பிய குரல் செவிமணியையும் தாண்டி உள்ளே வந்தது. பன்னிரண்டு மணிக்குள் தேர் நிலைக்கு வந்து நின்றது. மைதீன் பிச்சை என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அருங்காட்சியகம் வாயைப் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரே கும்மாளம்.

சங்கிலி விந்தி விந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். எதிரே நின்று செவிமணியைக் கழற்றிப் பைக்குள் போட்டான். நானும் கழற்றினேன். அத்தனை பேர் பார்க்க, நடுத்தெருவில், வெறும் வாயால் பேசினான்.

“மதினி, ஒங்கள மன்னிச்சுட்டேன்னு ஒம்பது வருசமா அந்தப் போனுதான் சொல்லிட்டு இருந்திருக்கு. நான் இன்னைக்குத்தான் சொல்லுதேன்.”

எனக்கு, அதுவும் எனக்கு, பேச வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது, வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டான்.