உடுத்தி முடியும்வரை

காலையில் கொக்கியில் தூக்கி மாட்டிய கட்டில் திரை, தாவ் வென் வேலையிலிருந்து திரும்பியபோது தரைவரை இறங்கியிருந்தது. சீனாவின் ஷாவ்ஷிங்கில் பத்து நாளாக விடாத மழை. சுவர், அரிசிப் பானை, தலையணை எல்லாவற்றிலும் பூஞ்சை மணம் ஏறியிருந்தது. திரையிலிருந்து வந்தது மட்டும் வேறு மணம். ஒருமுறைகூடத் துவைக்காத புதுப் பருத்தித் துணியின் கஞ்சி மணம்.

அவன் அகராதி அலுவலகத்தில் பழஞ்சொற்களைத் தொகுப்பவன். இந்த ஆண்டு அவன் பங்குக்குத் திரைச் சொற்கள் வந்திருந்தன. பக்கவாட்டில் தொங்கினால் வெய். தலைக்கு மேல் விரிந்தால் மூ. நான்கு புறமும் வீடுபோல் அடைத்தால் வோ. வெய் என்ற சொல்லுக்கான அட்டையில் அவனே எழுதியிருந்தான்: 'இறந்தவருக்கு உடுத்தும்வரை கூடத்தில் கட்டுவது. முதல் உடுப்பு ஏறியதும் நீக்குவர்.'

அந்த வரியை நம்பித்தான் போன வாரம் மனைவி யின்ஹேயின் உடலுக்கு முன்னால் கட்டியிருந்த வெள்ளைத் திரையை அவன் இழுத்தான். முதல் உடுப்பு ஏறியிருந்தது. அதன் நாடாக்களை மாமியார் இன்னும் கட்டவில்லை. மார்பை அகற்றிய தழும்பை யின்ஹே இரண்டு வருடமாக அவனுக்குக்கூடக் காட்டியதில்லை. துணி மாற்ற இந்தக் கட்டில் திரைக்குள் போய்விடுவாள். அன்று, உடுப்பு விலகிக் கிடக்க, அதை நாற்பது பேர் பார்த்தார்கள்.

தொலைபேசி அடித்தது. மாமியார்.

"இன்னிக்கு ஏழாம் நாள் மாப்பிள்ளை. அவ வீட்டுக்கு வருவா. சோத்தை வச்சிட்டு இங்க வந்துடுங்க. உங்களைப் பாத்தா அவளுக்குப் போக மனசு வராது."

"அவகிட்ட மன்னிப்பு கேக்கணும் அத்தை."

"அன்னிக்கு என்கிட்ட 'முடிஞ்சுதா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுக்கு வாய் வரலை. அகராதி எழுதுற துரைக்கு எல்லாம் தெரியுமே!" அவள் குரல் உடைந்தது. "வந்துடுங்கய்யா. உங்களையும் தூக்கிக் கொடுக்க எனக்குத் தெம்பில்ல."

அவன் போகவில்லை. உலர்ந்த கடுகுக்கீரை போட்டு வேகவைத்த பன்றிக்கறியைக் கிண்ணத்தில் வைத்தான். வெளியே இன்னும் பகல்தான். மழை அதை மங்கலாக்கியிருந்தது. கறியிலிருந்து எழுந்த ஆவி நேராக மேலே போகாமல், மெல்லச் சாய்ந்து, திரையின் இடுக்கு வழியே உள்ளே நுழைந்தது.

திரைக்குள் துணி சரசரத்தது.

உடுப்புக்குள் ஒரு கை நுழைக்கும் ஓசை. பிறகு இன்னொன்று. நின்றது. மறுபடி முதலிலிருந்து.

"யின்ஹே."

சரசரப்பு நின்றது.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

அவள் குரல்தான். சளி கட்டிய, கடைசி வாரத்துக் குரல்.

"போயிட்டாங்க. நான் மட்டுந்தான்."

"நீயும் பாத்தே."

"தப்புதான். மன்னிச்சிடு."

மழை. ஓட்டிலிருந்து சொட்டு. சொட்டு.

திரை இடுக்கில் ஒரு கை நீண்டது. நகங்கள் கருநீலம். விரல்களில் இரண்டு நாடா நுனிகள்.

"எனக்குக் கட்ட வரலை வென். விரல் மடங்கலை."

அவன் மண்டியிட்டான். கண்ணை மூடிக்கொண்டான். பார்க்கக் கூடாது, இந்தமுறை. சவ உடுப்புக்குப் போடும் முடிச்சைப் போட்டான். அவிழாத முடிச்சு. இறுக்கினான். இன்னும் இறுக்கினான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"ம்."

கண்ணைத் திறந்தான்.

நாடா அவன் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. அவன் போட்ட முடிச்சுதான். மறுநுனி திரைக்குள் போயிருந்தது.

அவள் கையைக் காணோம்.

உள்ளே, படுக்கையில் ஒருவர் நகர்ந்து இடம் விடும் ஓசை. நாடா மெல்ல விறைத்தது. அவன் கை உயர்ந்தது. விரல்கள் திரைக்குள் போயின. மணிக்கட்டு. முழங்கை.

அவன் கையைத் திரும்ப இழுக்கவில்லை.