வரிசையின் வால்

தாரிகாவுக்கு வயிறு எரிந்தது. பசியால் அல்ல. அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பானை நிறைய ஒடியற்கூழ் இருந்தது. ஒடியல் என்ற காய்ந்த பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்டு அப்பா காய்ச்சிய கூழ். வேண்டுமானால் அவளே ஊற்றிக் குடிக்கலாம். மற்றவர்கள்தான் குடிக்க வரவில்லை.

எரிச்சலுக்குக் காரணம் பக்கத்துக் கடை. அது நப்லாவின் வாப்பாவுடைய கணவாய்ப் பொரியல் கடை. வாப்பா பெரிய தாச்சிச் சட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவார். நெருப்புக் குபீரென்று எழும்பும். சனம் "ஓ!" என்று கத்திக்கொண்டு படம் எடுக்கும். வரிசை தண்டவாள வேலிவரை நீண்டு கிடந்தது.

வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கைகளில் குடியிருப்பவர்கள் வருடத்துக்கு ஒருநாள் நடத்தும் கடலுணவு விழா அது. போன வருடம் எல்லோருக்கும் முதல் விற்று முடிந்தது தாரிகா வீட்டுக் கூழ்தான். போன வருடம் நப்லாவின் வாப்பா கடை போடவில்லை என்பது வேறு விஷயம்.

தாரிகாவும் நப்லாவும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள். ஆனால் இன்றைக்கு அந்தக் கதையெல்லாம் யாருக்கு வேண்டும்?

"சூடான கணவாய்! வாங்க, வாங்க!" என்று நப்லா கூவினாள். தலையில் பளபளவென்று ஒரு சிவப்புத் தொப்பி.

'ஓகோ, தொப்பி வேறயோ!' என்று தாரிகா பல்லைக் கடித்தாள்.

"அப்பா, ஒருத்தரும் வரேல்லையே."

"வருவினம் பிள்ளை. அதுக்குள்ள கூழ் ஆறாமல் பாப்பம்" என்று அப்பா அகப்பையால் துழாவினார்.

அப்பாவுக்கு மருந்துக்கடையில் வேலை. வருடம் முழுவதும் குளிசை கொடுக்கிற மனிதர், இந்த ஒரு நாள்தான் இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு சமையல்காரர் ஆவார். விழா முடிந்த மறுநாளே அடுத்த வருடத்துக் கூழைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

கணவாய் வரிசையின் கடைசியில் நின்ற கண்ணாடி போட்ட அண்ணா ஒருவர் தாரிகாவைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதில கனநேரம் ஆகுமோ?"

"ஓம் அண்ணா! நல்லா ஆகும்!" என்று தாரிகா வலு சந்தோஷமாகச் சொன்னாள்.

அவர் வரிசையை விட்டுப் போனார். ஆனால் கூழ்க் கடைக்கு வரவில்லை. நேரே பஸ் ஓடும் காலி வீதிப் பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் வந்து நின்ற இரண்டு அக்காமாரும் அலுத்துப்போய் நடையைக் கட்டினார்கள். போகட்டும், போகட்டும்! தாரிகாவுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அப்போது விழாத் தலைவர் நாகேந்திரம் மாமா வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"பிரியந்தன், நிலைமை சரியில்லை" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். "போன வருஷம் காசு தந்த கம்பனி இந்தமுறை கைவிரிச்சிட்டுது. கூடாரம், லைட், கதிரை எல்லாம் கடனுக்குத்தான் எடுத்தது. எல்லாக் கடையளின்ர விற்பனையிலயும் ஒரு பங்கு எடுத்துத்தான் கட்டவேணும். அது காணாட்டி அடுத்த வருஷம் விழா இல்லை."

அப்பா துழாவுவதை நிறுத்தினார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. தாரிகாவுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

கண்ணாடி அண்ணாவை அனுப்பி வைத்தவள் அவள்தானே! கணவாய்க் காசு போனாலும் விழாக் காசுதான் போகிறது. இன்னும் எத்தனையோ பேர் அப்படிப் போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாப்பா சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நப்லா முன்னால் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையில் வெந்துகொண்டிருந்த தாரிகாதான் வரிசையின் வாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இப்போது அந்த வாலில் ஒரு சின்னப் பிள்ளை நிலத்தில் குந்தியிருந்து, "அம்மே, படகினி!" என்று அழுதது. பசிக்கிறதாம். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

கணவாய்க்குக் காத்திருக்கத்தான் வேண்டும். கூழ் அப்படியா? காய்ச்சியாயிற்று. கோப்பையில் வாங்கினால் நின்ற இடத்திலேயே குடிக்கலாம்!

"அப்பா, கெதியா ஒரு கோப்பை ஊத்துங்கோ! நண்டு போடாதேங்கோ. நிண்டுகொண்டு நண்டு கடிக்கேலாது."

"ஆருக்கு?"

"நப்லான்ர கியூவுக்கு."

"அவையள் கணவாய்க்கெல்லோ நிக்கினம்!"

"அதுவரைக்கும் வயிறு காயுதே அப்பா."

தாரிகா கொண்டுபோய் நீட்டிய கோப்பையில் பிள்ளை ஒரு வாய் குடித்தது. உறைப்பில் மூக்கால் தண்ணீர் வடிந்தது. ஆனாலும் கோப்பையை விடவில்லை.

"நங்கி, மேக்க மொக்கத்த?" என்று தாய் சிங்களத்தில் கேட்டார். தங்கச்சி, இது என்ன என்று கேட்கிறார். கூழுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது?

"கூழ்... கூழ்தான்!" என்றாள் தாரிகா.

தாய் சிரித்துக்கொண்டு காசு கொடுத்து இரண்டு கோப்பை வாங்கினார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இங்கயும் ஒண்டு!" "எனக்கும்!" அப்பா ஊற்ற ஊற்ற, தாரிகா தட்டில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

நப்லா கோபமாக வந்தாள்.

"தாரி! என்ட ஆக்கள இழுக்கிறியா?"

"இழுக்கேல்லையடி, பிடிச்சு வைக்கிறன்! உன்ர வால் கழண்டு கழண்டு போனதை நீ பாக்கேல்லை."

நப்லா எட்டிப் பார்த்தாள். வரிசையிலிருந்து ஒருவரும் போகவில்லை. கோப்பையும் கையுமாக இன்னும் நீண்டிருந்தது. ஒரு கணம் யோசித்தவள் ஓடிப்போய், "வாப்பா, கணவாய் காணாது! இன்னும் வெட்டுங்க!" என்றாள்.

இரவு பானையின் அடி தெரிந்தது. தாச்சியும் காலி. நாகேந்திரம் மாமா ஒலிவாங்கியில், "கடன் கட்டக் காசு சேர்ந்திட்டுது! அடுத்த வருஷமும் சந்திப்பம்!" என்று கத்தினார். அப்பா துவாயை அழகாக மடித்துக்கொண்டே, "அடுத்த முறை இன்னும் கொஞ்சம் புளி விடவேணும்" என்றார்.

தோழிகள் இருவரும் வேலியோரம் உட்கார்ந்து கடைசிக் கோப்பைக் கூழைப் பங்குபோட்டுக் குடித்தார்கள்.

"தாரி, ஒண்டு சொல்லவா?" என்றாள் நப்லா. "எங்கட கடைக்கு வந்தவங்க எல்லாரும் உங்கட கூழப் பத்தியே கதைச்சாங்க. எனக்கு எவ்வளவு பொறாமையா ஈந்திச்சு தெரியுமா?"

தடதடவென்று ரயில் ஒன்று கடந்து போனது.

"ரயில் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லு" என்றாள் தாரிகா.

அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.