உரிமம் உள்ளவர்கள் மட்டும்

காலை ஆறு மணிக்கு அம்மாவை எழுப்பப் போன சுவாதி, பாயெல்லாம் ரத்த வாந்தியாக இருக்கக் கண்டாள். ராஜம்மாளின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. தலைமாட்டில் கடைப் பெயர் இல்லாத காகித உறை. உள்ளே பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை. அம்மா அதை எந்தக் கடையில் வாங்கினாள் என்று சுவாதிக்குத் தெரியவில்லை. விஷம் என்று செஞ்சி முழுக்கப் பேச்சு. பூமாலையோடு முதல் ஆளாக வந்து நின்றவர் காந்தி பஜார் மருந்துக்கடை நெடுமாறன்.

"உங்க கடையில வாங்குனாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர் சுமலதா.

"இல்ல மேடம். எங்களாண்ட வரவே இல்ல."

பிரேதப் பரிசோதனையில் விஷம் இல்லை. இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவர் ராஜம்மாள். அதோடு இந்த வலி மாத்திரை சேரவே கூடாது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. டாக்டர் எழுதியது வேறு மாத்திரை. மாற்றிக் கொடுத்தது யார்?

மறுநாள் அரசு மருத்துவமனை மருந்தாளுநர் அன்புக்கரசி தானாகவே ஸ்டேஷனுக்கு வந்தாள். மாத்திரையின் பெயர் காதில் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மருந்தாளுநர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவள் அவள். கண்டவனெல்லாம் உள்ளே புகுந்து மருந்து பேசுகிறான் என்று மல்லுக்கட்டி, பதிவுச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினால்தான் இடம் என்று விதி போட்டவளும் அவளே. அந்தக் குழுவில் போன வாரம் 'வளர்மதி, செஞ்சி' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்திருந்தது. மூட்டுவலிக்கு எழுதிய மாத்திரை ஸ்டாக் இல்லை, வேறு என்ன தரலாம்? பதிலுக்கு, ராஜம்மாள் தலைமாட்டில் கிடந்த இந்த மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பியது அன்புக்கரசிதான்.

சான்றிதழ்ப் படத்தைச் சுமலதா பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பெயர், எண், முத்திரை. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம்.

"சரிபார்த்தீங்களா?"

"நம்பரப் பார்த்தேன் மேடம். பார்மசி கவுன்சில் பதிவுல சரியா இருந்துது."

சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்ட வளர்மதி அழுதாள். "நான் அந்த குரூப்லயே இல்ல மேடம். கல்யாணத்துக்கப்புறம் செஞ்சி பக்கமே வர்ல."

"சிம் உங்க பேர்ல இருக்குதே. சர்டிபிகேட் எங்க?"

"வீட்ல, பீரோவுல."

"பீரோவுல இருக்கறதுக்கு ஆயுத பூஜையன்னிக்குப் பொட்டு வெச்சது யாரு?"

வளர்மதியின் அழுகை சட்டென்று நின்றது.

"கண்ணாடிச் சட்டம் போட்டு கடையில மாட்டுனாதான் பொட்டு வைப்பாங்க. கடை நடத்த சர்டிபிகேட்ட யாருக்கு வாடகைக்கு விட்டீங்க?"

"நெடுமாறனுக்கு."

நெடுமாறன் மருந்தாளுநருக்குப் படித்தவரே இல்லை. அவளுடைய ஆதார் நகலில் சிம் வாங்கி, அவள் பெயரிலேயே குழுவுக்குள் நுழைந்தவர் அவர். ராஜம்மாள் செத்த அன்றே கடைச் சுவரிலிருந்து சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றி ஒளித்துவிட்டார். டாக்டர் சீட்டில் ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையின் பெயரும் இருந்தது. அது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. இருவரையும் கைது செய்தார்கள்.

"உங்க மேல கேஸ் இல்ல," என்றார் சுமலதா அன்புக்கரசியிடம்.

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. குழு எல்லோருக்கும் திறந்திருந்த காலத்தில், நோயாளி வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் அவள் பதில் எழுதியதே கிடையாது. பூட்டுப் போட்ட பிறகு, கேட்பவர் மருந்தாளுநர்தானே, அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். இப்போது குழுவில் ஒரே சண்டை. முகம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர், திறந்தே விடலாம் என்கிறார்கள் சிலர். அவளுக்கு இரண்டிலும் நம்பிக்கை போய்விட்டது.

ஸ்டேஷன் வாசலில் சுவாதி நின்றிருந்தாள். "பதில் எழுதுனது நீங்களாக்கா?"

"ஆமாம்மா."

சுவாதி திட்டவில்லை. "எங்கம்மா ரத்தத்துக்கு மாத்திரை சாப்புடுறது எங்க தெருவுக்கே தெரியும்க்கா," என்றாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."