கடலுக்குள் போன வீதி

பாரிசின் லாச்சப்பலில் மழை பெய்தால் கரிகாலனுக்கு இன்றைக்கும் தோசைக்கல்லின் சூட்டில் ஈரக் காகிதம் காய்கிற வாசம்தான் மூக்கில் ஏறும். மற்றவர்களுக்கு அந்தத் தெருவின் மழை கறிவேப்பிலையும் டீசலும் மணக்கும். அவனுக்கு மட்டும்… ஈரக் காகிதமும், கோபத்தில் விரிந்த இரண்டு கண்களும்.

இரண்டாயிரத்துப் பதினாலு, ஐப்பசி. மெத்ரோப் படியடியால் அவன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். வெங்காய மூட்டை, மரவள்ளிப் பெட்டி, மேலே வாழைக்காய். வண்டியின் ஒரு சில்லு எப்போதும் தன் எண்ணத்துக்குத்தான் போகும். அன்றைக்கு அது போய் நின்ற இடம், ஒரு பெண்ணின் காலடி. அவள் கையிலிருந்த நீண்ட மட்டைக் குழாய் துள்ளி விழுந்தது. சில்லுக்குள் நசுங்கி, வாய் பிளந்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஓடுகிற மழைத்தண்ணீரில் கக்கியது.

"மொன் தியூ!" என்று பிரெஞ்சில் கத்தினாள். அடுத்த மூச்சில் தமிழ் வந்தது. "கண் தெரியேல்லையே உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது. சில்லுக்குத்தான் தெரியேல்லை."

"பகிடியே?"

அவன் குந்தியிருந்து பொறுக்கினான். பெரிய பெரிய தாள்கள். கறுப்பும் சாம்பலுமாய்… ஏதோ எக்ஸ்ரே படம் போல. "ஆருக்கு நெஞ்சு வருத்தம்?"

"யாழ்ப்பாணத்துக்கு!"

நிமிர்ந்து பார்த்தான். அவள் இமையில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுவதற்குள் அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டாள். அவ்வளவுதான்… பதினாறு வயதிலிருந்து மூட்டை தூக்கிய தோள் அவனுக்கு. அந்தத் தோளில் அதுவரை இப்படி ஒரு பாரம் ஏறியதில்லை.

"வாங்கோ. காய வைச்சுத் தாறன்."

பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் அவன் சிநேகிதன் மடுத்தீன் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். கரிகாலன் கல்லுக்கு மேலே இரண்டு கையாலும் தாளை விரித்துப் பிடித்தான். ஆவி எழும்பியது.

"மச்சான், என்னடா செய்யிறாய்?"

"யாழ்ப்பாணம் நனைஞ்சு போச்சு."

"அப்ப மறுபக்கமும் திருப்பிப் போடு. கருகப் போகுது!"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள்.

பெயர் லக்சிகா. பாரிசுக்கு வெளியே சார்செலில் வளர்ந்தவள், வரைபடம் கீறுகிற ஒரு கந்தோரில் வேலை. சனிக்கிழமைகளில் அவளும் சில தொண்டர்களும் லாச்சப்பலுக்கு அடுத்த ஸ்டாலின்கிராட் மெத்ரோவடியில் ஒரு அறையில் கூடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தை விமானத்திலிருந்து யாரோ எடுத்த படங்கள் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, இன்றைய வரைபடத்தின் மேல் சரியாகப் படுக்க வைத்து, உலகத்துக்கு விடுவதுதான் அவர்கள் வேலை.

"விடுறதெண்டா… விக்கிறதோ?"

"இல்லை. ஆரும் எடுக்கலாம். காசில்லை, கையெழுத்தில்லை, ஏன் எதுக்கெண்டு கேள்வியில்லை."

"ஆரும்?"

"ஆரும்."

அவன் தாளைப் பார்த்தான். சின்ன வயதில் மேலே இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவன் அவன். மேலே போனவனுக்கு நாங்கள் இப்படித்தான் தெரிந்திருப்போமா? இவ்வளவு சின்னதாய்… இவ்வளவு அமைதியாய்…

"உங்கட ஊர் எது?" என்றாள். கடற்கரையோரத்து ஊரின் பெயரைச் சொன்னான். அவள் கண் பெரிதானது. "அந்தத் தாள்தான் எங்களைக் கொல்லுது! அங்கை ஆமி இருந்து எல்லாத்தையும் இடிச்சுப் போட்டாங்கள். பழைய படத்தில இருக்கிறது இண்டைக்கு ஒண்டுமில்லை. ரெண்டிலயும் இருக்கிற இடம் நாலஞ்சாவது வேணும். அதில ஆணி அடிச்ச மாதிரிப் பொருத்தினால்தான் படம் அசையாமல் படுக்கும்."

"அப்ப நான் ஆணியோ?"

"சுத்தியல் மாதிரித்தான் வந்து இடிச்சனீங்கள்."

அதன்பிறகு சனிக்கிழமைப் பின்னேரங்களில் கடையின் மூலை மேசையில் ஒரு மடிக்கணினியும் இரண்டு தேத்தண்ணியும் இருக்கும். "நீங்கள்" எப்போது நெருக்கமான "நீர்" ஆனதென்று இருவருக்கும் தெரியாது. அவன் வீதி காட்டினான், கோயில் கேணி காட்டினான். அவள் குனிந்து குறிக்கும்போது கூந்தல் நழுவி விழும். அவள் ஒதுக்குவாள்… அது மறுபடி விழும். அந்தக் கூந்தல் விழுகிற நேரத்துக்காகவே அவன் வாரம் முழுக்க மூட்டை தூக்கினான்.

ஒரு நாள் கேட்டாள். "உம்மட வீடு எங்கை?"

அங்கேதான் சனி பிடித்தது.

கரிகாலனின் தகப்பன் வாமதேவன் பாரிசுக்கு வந்த நாள் தொட்டு ஒரு வீட்டைச் சுமந்து திரிந்தவர். "எங்கட நாற்சார் வீடு" என்று தொடங்கினால் கலியாண மண்டபமும் கேட்கும், ரயில் பெட்டியும் கேட்கும். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, தேக்குக் கதவு. அந்த வீடு இருந்தது உண்மை. அது முதலாளியின் வீடு. வாமதேவன் முதலாளியின் சுண்ணாம்புச் சூளையில் கல் சுட்டவர். சூளையோரம் ஒரு ஓலைக் கொட்டில், அதுவும் அடுத்தவன் நிலத்தில். உள்ளங்கையில் சுண்ணாம்பு தின்ற குழிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு "ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளேல்லை" என்பார்.

கரிகாலனும், வானத்திலிருந்து எடுத்த இன்றைய செய்மதிப் படத்தில் முதலாளி வீட்டின் இடிந்த அத்திவாரத்தைத்தான் காட்டினான். "நாற்சார் வீடு" என்றான். தகப்பனின் குரலே அவன் வாயால் வந்தது.

லக்சிகா பழைய படத்தைத் திறந்து தேடினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. சாம்பலுக்கு நடுவே பால் ஊற்றியது போல ஒரு வெள்ளை. "இதுதானே? எவ்வளவு பளிச்செண்டு… உங்கட முற்றம்!"

அவள் விரல் வீட்டிலிருந்து தள்ளி, சூளையின் மேல் இருந்தது.

இல்லை என்றால், வேறென்ன என்று கேட்பாள். வேறென்ன என்று சொன்னால்… அந்தக் கண்கள் இப்போது பார்ப்பது போல இனிப் பார்க்குமா?

"ஓம்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை லக்சிகா மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. கண் சிவந்திருந்தது.

"தாள் கோணிப் போச்சு. கடற்கரை வீதி கடலுக்குள்ள ஓடுது. கேணி ஆரோ ஒருத்தரின்ர வீட்டு வளவுக்குள்ள போய் நிக்குது. சரிபார்க்கிறவை சொல்லிப் போட்டினம், வாற சனி எல்லாத் தாளும் வெளியில போகேக்க இது போகாதாம். ஆர்ஜொந்தெயில இருந்து ஒரு அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா, பிள்ளை எங்கட ஊர் எப்ப வருமெண்டு… நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன்."

அவன் தேத்தண்ணியைக் கலக்கினான். சீனி கரைந்து எவ்வளவோ நேரமாகியும் கலக்கிக்கொண்டே இருந்தான். அவள் எழுந்து போய்விட்டாள்.

"டேய்," என்றான் மடுத்தீன். "அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போகுது. நீ கரண்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

அந்தக் கிழமை மூட்டைகள் கனத்தன. உண்மையைச் சொன்னால் அப்பாவின் வீடு இடியும். சொல்லாவிட்டால் ஒரு ஊரே கடலுக்குள் கிடக்கும். அவளோ தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள்…

சனிக்கிழமை காலை ஸ்டாலின்கிராட் அறையில் அவள் மட்டும் இருந்தாள். அவன் வாசலில் நின்றே சொன்னான்.

"அது முற்றம் இல்லை. சூளை. சுண்ணாம்பு சுடுற சூளை. பக்கத்தில ஒரு கறுப்புப் புள்ளி தெரியும்… அதுதான் எங்கட கொட்டில். நான் காட்டின வீடு முதலாளியின்ர. எங்களுக்கு அங்கை ஒரு பிடி மண்ணும் இல்லை."

அவள் வெள்ளையில் அடித்த ஆணியைப் பிடுங்கினாள். படம் மெல்ல அசைந்தது… வீதி கடலை விட்டு ஏறி வந்தது. கேணி தன் இடத்தில் போய் அமர்ந்தது. அவள் எழுந்து யன்னலடிக்குப் போனாள். வெளியே தூறல்.

முடிஞ்சுது, என்று நினைத்தான்.

"ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"உம்மட கண்ணைப் பாத்துக்கொண்டு சூளை எண்டு சொல்ல வாய் வரேல்லை."

"சூளையில என்ன குறை?" திரும்பியவள் முகத்தில் தீ. "கொட்டில் எண்டதுக்கு எனக்குக் கோபமில்லை. நான் ஒரு கிழமையா என்னையே ஏசிக்கொண்டிருந்தன். நீர் பாத்துக்கொண்டிருந்தீர்!"

"ஓம். அது பிழை. பெரிய பிழை."

அவள் திரும்பி வந்து திரைக்கு முன்னால் அமர்ந்தாள். குரல் இறங்கியது. "அந்தப் புள்ளிக்கு என்ன பெயர் போட?"

"அப்பாட்டைக் கேக்க வேணும்."

வாமதேவன் இருந்ததும் சார்செலில்தான். இருவரும் கொண்டுபோன மடிக்கணினியைக் கண்டதும் குதித்தார். "ஆரைக் கேட்டு இதைத் தோண்டினனீ? ஊர் முழுக்கப் பாக்கப் போகுது!" பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டார். விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். தொடவில்லை.

"பிள்ளை… புகை வருதே?"

லக்சிகா பெரிதாக்கினாள். வெள்ளையிலிருந்து ஒரு மெல்லிய சாம்பல் கோடு இழுபட்டுக் கிடந்தது. "ஓம் ஐயா. வருது."

"அப்ப நான் அதில நிக்கிறன்." கிழவர் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. "சூளை எரிஞ்சால் நான் அந்த இடத்தை விட்டு அசையிறேல்லை. கரிகாலன், உன்ர அம்மா சோறு கொண்டு வந்து வெளியில நிண்டு கூப்பிடுவாள்… இது பகல்தானே? அவளும் நிப்பாள்."

நாற்சார் வீட்டைப் பற்றி அவர் அதன்பிறகு யாரிடமும் கதைக்கவில்லை. அவர்கள் புறப்படும்போது கதவடியில் கூப்பிட்டுச் சொன்னார். "வாமதேவன் கொட்டில் எண்டு போடு, பிள்ளை. வடிவாத் தெரியிற மாதிரிப் போடு."

அன்று பின்னேரமே தாள் வெளியே போனது.

சார்செல் ரயிலடியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரு குடை. குடைக்குள் அவன் பாதி, மழைக்குள் பாதி.

"இப்ப எனக்குத்தான் வில்லங்கம்," என்றாள் அவள், தண்டவாளத்தைப் பார்த்தபடி.

"என்ன?"

"உங்கட வீடு நாற்சார் வீடு எண்டு என்ர அப்பாட்டைச் சொல்லிப் போட்டன்."

"உம்மட அப்பாவுக்கு என்ர வீட்டைப் பற்றி என்னத்துக்கு…"

அவள் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. "மாப்பிள்ளையின்ர வீடு வளவு கேப்பார்தானே…"

ரயில் வந்தது, நின்றது. கதவு திறந்து மூடியது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"லக்சிகா… அண்டைக்கு அந்தச் சில்லு உம்மட காலடியில நிண்டதில இருந்து நானும் அங்கைதான் நிக்கிறன். எனக்கு உம்மில சரியான விருப்பம்." மூச்சை இழுத்துக்கொண்டான். "வீடு இல்லை, வளவு இல்லை. ஒரு கொட்டில்தான். அப்பாவுக்கு எப்பிடிச் சொல்லுவீர்?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அதே இமை, அதே துளி… இம்முறை சிமிட்டவில்லை.

"நான் ஏன் சொல்ல? அந்தத் தாளை அவரே எடுத்துப் பாக்கட்டும்," என்றாள். "ஆரும் எடுக்கலாம்தானே… காசில்லை, கேள்வியில்லை."

பிறகு குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.