இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை

“ஆள் வைடான்னு அடிச்சிக்கிட்டேன், நீ பெட்டி வச்ச. அப்பாவுக்கு மண்ணு போடவும் அந்தப் பெட்டியையே அனுப்பியிருக்கலாம் இல்ல?”

“பதில் வந்துச்சு வெரோனிகா. நாலு பத்து வரைக்கும் பதில் வந்துகிட்டேதான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே நின்னிருந்தா அப்பவே அத்தைக்குப் போன் அடிச்சிருப்பேன்.”

பக்கத்து வீட்டு இன்னாசியை அடக்கம் செய்த மூன்றாம் நாள். அவர் பெற்ற இரண்டும் தோட்டத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தன. வில்லியனூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும் எனக்குத் துணி காயப்போடும் வேலை வந்துவிடும். அன்றும் காய்ந்த துணியையே எடுத்து மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை என்றது என்னைத்தான். பெயர் செல்வகுமாரி. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் மதில்தான் உறவு.

வெரோனிகா என்னைப் பார்த்துவிட்டாள்.

“அத்த, நீங்கதான மொதல்ல உள்ள போனீங்க. பெட்டியில லைட்டு எரிஞ்சுச்சா?”

“எரிஞ்சுச்சும்மா. நடுவுல கரண்ட்டு போயி வந்திருக்கும்போல.”

விளக்கு எரிந்தது உண்மை. அது எரியும்படி நான் முன்பே ஏற்பாடு செய்திருந்தேன்.

அவள் பெட்டியைத் துவைக்கிற கல்லில் வைத்து, தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரே போடு போட்டாள். இன்னாசியின் மகன் லியோ பிரகாஷ் குந்தி உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினான். உள்ளே இருந்த நகம் அளவு மெமரி அட்டையும் இரண்டாக முறிந்திருந்தது.

சோப்புப் பெட்டி அளவுதான் அது. போன பொங்கல் லீவில் லியோ கொண்டுவந்து, பின்வாசல் நடையில் அலமாரி மேல் வைத்தான். கூடவே ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர். இன்னாத்துக்குப்பா இதெல்லாம் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியுமா? அவனும் பொறுமையாகத்தான் சொன்னான். பெங்களூரில் அவனிடம் ஒரு சர்வர் இருக்கிறதாம், இங்கே இது ஒன்று. இரண்டிலும் லினக்ஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு டன்னல் போடப்போகிறான்.

“ரோட்டுக்கு அடியில பைப்பு போட்டா மேல நடக்கிறவனுக்குத் தெரியுமா? அது மாதிரி அத்த. அப்பாவ நான் மட்டும்தான் பாப்பேன்.”

ஆளுக்கொரு சாவி உண்டாம். இந்தப் பெட்டியின் சாவி இதற்குள்ளேயே பிறந்தது, வெளியே போகாது. பெட்டி உடைந்தால் சாவியும் போயிற்று; வேறு எதுவும் இதுவாக நடிக்க முடியாது. வீட்டு இணையத்தின் நம்பர் அடிக்கடி மாறும் என்பதால் இதுதான் முதலில் கதவைத் தட்ட வேண்டும். இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை, ‘இருக்கிறேன்’ என்று. எங்கிருந்து தட்டுகிறதோ அந்த வீட்டு நம்பரைப் பெங்களூர் சர்வர் குறித்துக்கொள்ளும்.

இன்னாசிக்கு ஸ்பீக்கரோடு பேச வெட்கம். தனியாகப் பேசுகிறார் கிழவர் என்று தெருவெல்லாம் பரவிவிடுமே என்ற பயம். பரப்புகிற வாய் எது என்று அவருக்குத் தெரியும். அதனால் மகன் “அப்பா, சாப்ட்டியா?” என்று கேட்டால், மூக்குக்கண்ணாடிக் கூட்டால் மேசையில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் ஆமாம். ஒரு தட்டு என்றால் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும்.

கேமராவால் எனக்கு ஒரு தொல்லை வந்தது. அது நடையைப் பார்க்கிற பார்வையில் தோட்டத்து முருங்கை மரமும் விழுந்தது. அந்த மரத்தில் நான் பல வருஷமாக, கேட்காமல் காய் பறிக்கிறவள். ஊரையே மதில் மேலிருந்து பார்க்கிற எனக்கு, என்னை ஒருத்தன் பெங்களூரிலிருந்து பார்ப்பது பொறுக்கவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இன்னாசி கொடுத்த வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் பூனை மாதிரி போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவேன். காய் பறிப்பேன். மறுபடி செருகிவிட்டு வந்துவிடுவேன்.

அன்றைக்குச் செருக மறந்துவிட்டேன்.

காயோடு வெளியே வந்தால் வாசலில் எங்கள் தெரு ஆரோக்கிய செல்வி நின்றிருந்தாள். மேலத்தெரு நிவேதா யாரோடோ போய்விட்டாளாம். அந்தக் கதை முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கு மேல் என் பங்குக்கு நான் சேர்த்ததும் இருக்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்து காயை நறுக்கி சாம்பார் வைத்தேன்.

ஆறு மணிக்கு லியோ போன் செய்தான். மீட்டிங்கில் இருந்தானாம், அப்பா பக்கத்திலிருந்து பதில் இல்லை, கொஞ்சம் எட்டிப் பாருங்க அத்த.

போனேன். குளியலறை வாசலில் கிடந்தார். தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது.

நான் முதலில் செய்தது கூச்சல் போட்டது இல்லை. நடைக்குப் போய்ப் பிளக்கைச் செருகினேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று நின்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மணி வாக்கில் விழுந்திருக்கிறார், ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். கையில் கண்ணாடிக் கூடு இருந்தது. அதன் முனை நசுங்கியிருந்தது. குளியலறைத் தகரக் கதவின் அடியில், அவர் கை எட்டுகிற உயரத்தில், பெயிண்ட் உதிர்ந்து கிடந்தது.

மதிலோரம் நின்று அந்தச் சண்டையைக் கேட்டபோதுதான் எனக்குக் கணக்கு இடித்தது.

பிளக்கை நான் பிடுங்கியது இரண்டே முக்காலுக்கு.

செருகியது ஆறு மணிக்கு.

நாலு பத்து வரை பதில் சொன்னது எது?

கேமரா கறுப்பாகத்தான் இருந்ததாம். ஆனால் இருபத்தைந்து விநாடி தவறாமல் ‘இருக்கிறேன்’ என்று வந்துகொண்டிருந்ததால், கேமராதான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து லியோ மீட்டிங்குக்குப் போய்விட்டான். படத்தைப் பார்க்காமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டான். பயப்பட வேண்டிய விஷயம் அதில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் பிளக்கையும் சொல்ல வேண்டும். நான் துணியை மடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அப்பனைக் கவனிக்காத பிள்ளை என்று தெரு அவனைப் பேசியது. நானும் இரண்டு இடத்தில் தலையாட்டினேன்.

அந்த வீட்டுச் சுவர் பக்கம் படுக்கப் பிடிக்காமல், அடுத்த வருஷம் தவளக்குப்பத்தில் என் மகள் சுகன்யாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். கடலூர் ரோட்டின் மேலேயே வீடு. கீழே கடை, பகல் முழுக்க பஸ் ஹாரன். எந்தச் சின்னச் சத்தமும் கேட்காது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த நாலாம் நாள் மத்தியானம் லியோ கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

“அத்த, தப்பா எடுத்துக்காதீங்க. என் சர்வர்ல அப்பா பெட்டியோட பேர நான் எடுக்கவே இல்ல. மனசு வரல. நாலு நாளா அது தட்டுது.”

“அதத்தான் ஒடைச்சாச்சேப்பா.”

“ஒடைஞ்ச அட்டை என் கையிலதான் இருக்கு. ஆனா தட்டுற நம்பர் உங்க பக்கம்னு காட்டுது. ஒரு லிங்க் அனுப்பறேன், உங்க வூட்டு வைஃபையில தொறந்து, வர்ற நம்பரப் படிங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டாவது எண்ணுக்குப் பிறகு அவனும் என்னோடு சேர்ந்து படித்தான். கடைசி இலக்கம்வரை ஒன்றாகவே முடித்தோம்.

கீழே ரோட்டில், எப்படியோ, அந்த நேரம் ஒரு வண்டியும் போகவில்லை.

“அத்த,” என்றான். “அன்னிக்கி அந்தப் பெட்டிய யாருனா தொட்டாங்களா?”

“இல்லப்பா,” என்றேன்.

என் தலைக்குப் பின்னால், சுவருக்குள், டொக்.

ஒன்றே ஒன்று.

போனில் அவனுக்கும் கேட்டிருக்கிறது. “அப்பா?” என்றான்.

சொன்னேன். பிளக்கு, மரம், ஆரோக்கிய செல்வி, பச்சை விளக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்க் கதையை எத்தனையோ ருசியாகச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல வார்த்தை வரிசையாக வரவில்லை.

அவன் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்.

“எத்தினி காய் அத்த?”

“பதினொண்ணு.”

டொக், டொக் என்றது சுவர்.

வைத்துவிட்டான்.

வெரோனிகாவுக்கு ஈஸ்டர் கழிந்து காரைக்காலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஸ்கூல் வாத்தியார். தெருவில் எல்லோருக்கும் பத்திரிகை வந்ததாக ஆரோக்கிய செல்வி சொன்னாள். எனக்கு வரவில்லை. லியோ பிரகாஷ் கனடாவுக்குப் போய்விட்டான். கிளம்புகிற அன்று ஒரு வரி அனுப்பியிருந்தான்: அப்பா பேரை அழிச்சிட்டேன், டன்னலை மூடிட்டேன், இனிமே இங்க வராது.

அங்கே வராது, சரி.

சுகன்யாவுக்கு ஒன்றும் கேட்பதில்லையாம். எனக்குத் தினமும் இரண்டே முக்காலுக்குச் சரியாகச் சுவரில் தொடங்கும். நான் மனசுக்குள் இருபத்தைந்து வரை எண்ணுவேன். எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை. கேட்டுப் பதில் சொல்லப் பெங்களூரில் இப்போது ஆள் இல்லாததால், நானே விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுகிறேன்.

நாலு பத்துக்கு நின்றுவிடும்.