நிலைக்கண்

ஈரோட்டில் கடை வைத்திருப்பவர்கள் யாரும் இப்போது வாசலில் பூசணிக்காய் உடைப்பதில்லை. எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவதும் இல்லை. கண்ணேறு கழிப்பது வருகிற வருமானத்தைக் கையால் பிடித்துத் தள்ளுவது என்று வணிகர் சங்கமே சொல்லிவிட்டது. கைக்குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிற வழக்கமும் போயிற்று. அந்தப் பொட்டு இப்போது பாக்கெட்டுகளின் மேல் இருக்கிறது.

அதற்குப் பெயர் கண்பொட்டு. மிளகளவுதான் இருக்கும். தன்னைப் பார்ப்பவரின் கருவிழி விரிவதையும், கழுத்து நரம்பு துடிப்பதையும், மூச்சு ஒரு கணம் நின்று வருவதையும் படித்து, அந்தப் பார்வையில் எவ்வளவு பொறாமை இருக்கிறது என்று கணக்கிட்டுப் பாக்கெட்டின் மேலேயே எண்ணாக ஒளிரவிடும். ஒரு பொருளின் பாக்கெட் கடையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்தான். ஆசையை அளக்கும் கருவிகள் முன்பே இருந்தன. அவற்றை நம்பிக் கவிழ்ந்த கம்பெனிகளும் ஏராளம். ஆசை கடைவாசலைத் தாண்டுவதற்குள் ஆறிவிடும். பொறாமையோ வீடுவரை கூடவே வந்து, படுக்கையில் புரண்டு, மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வைத்துவிடும். இது தெரிந்த பிறகு கடைகள் எந்தப் பொருளுக்கு எந்த அடுக்கு என்பதைக் கண்ணேறு எண்ணைப் பார்த்தே முடிவு செய்தன.

ஊர்ச்சந்தை என்ற பேரங்காடியில் சம்யுக்தாவின் ‘தளிர்’ சத்துமாவு தரையோடு தரையாகக் கீழடுக்கில் இருந்தது. எண் ஒன்பது. நேர் எதிரே, கண்மட்டத்தில், பார்க்காமல் தப்பிக்கவே முடியாத இடத்தில் ‘வாலு’ சிறுதானிய பிஸ்கட். எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. ‘வாலு’வின் சொந்தக்காரி இலக்கியா வேறு யாருமில்லை, சம்யுக்தாவின் ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி.

சம்யுக்தாவுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. கம்பையும் ராகியையும் எந்தப் பதத்தில் வறுத்தால் கசக்காது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். கற்றுக்கொண்டவள் அதே மாவை வட்டமாகத் தட்டிச் சுட்டு, மேலே ஒரு குரங்குப் படம் போட்டு ஊரையே வளைத்துவிட்டாள். மாமியார் விருந்தாளிகளுக்கு வைப்பது ‘வாலு’. சம்யுக்தாவின் சொந்த மகன் பள்ளிக்கூடத்துக்குக் கேட்பதும் ‘வாலு’. இலக்கியா கெட்டவளாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டி மனதை ஆற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை. சம்யுக்தா டெங்குவில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டியவள் அவள்.

இந்த நிலையில்தான் ஊர்ச்சந்தையிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆடி முடிவதற்குள் ஐம்பதைத் தொடாத பொருள்களுக்கு அடுக்கு கிடையாது. ஊரிலுள்ள சின்னக் கடைகளும் ஊர்ச்சந்தை எடுக்கிற சரக்கைத்தான் வாங்கும் என்பதால், அடுக்கு போனால் ‘தளிர்’ போனது போலத்தான். அரவைக்கூடத்தில் இருக்கும் ஆறு பெண்களிடம் என்ன சொல்வது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சிறு வியாபாரிகளுக்கு யோசனை சொல்வதற்கென்றே அரசாங்கம் கொடுத்திருந்த குரல்செயலிக்கு வணிகத்துணை என்று பெயர். அதைக் கேட்டாள்.

“உங்கள் பொருளில் குறையில்லை,” என்றது அது. “வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் ‘ஏதோ ஓடுது’ என்கிறீர்கள். ஏதோ ஓடுகிற வியாபாரத்தைப் பார்த்து யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.”

“அப்படிச் சொல்லித்தானுங்களே பழக்கம். நல்லா ஓடுதுன்னு சொன்னா கண்ணு பட்டுடுமே.”

“படவேண்டும் என்பதற்காகத்தான் சொல்லச் சொல்கிறேன்.”

பெருந்துறையில் ஒரு காதுகுத்து விசேஷம் வந்தது. கைப்பையில் ஒரு ‘தளிர்’ பாக்கெட்டை வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு போனாள். பந்தியில் பெரிய மாமியார் எதிரில் உட்கார்ந்து, “வியாபாரமெல்லாம் எப்படிம்மா?” என்று கேட்டார். சம்யுக்தா மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

“சிங்கப்பூர்ல இருந்து ஆர்டர் வந்திருக்குங்க.”

வரிசையில் பத்து தலைகள் திரும்பின. எண் ஒன்பதிலிருந்து பதினான்குக்குத் தாவியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணமே, அவளைக் கேட்காமல் வாய் தன் போக்கில் பேசியது.

“அட, என்னத்தைங்க. போற வழியில பாதி டப்பா உடைஞ்சுபோயி, நட்டந்தான் மிச்சம்.”

ஒரு டப்பாவும் உடையவில்லை. ஆனால் தலைகள் எல்லாம் “அடப் பாவமே” என்று இலைக்குத் திரும்பிவிட்டன. பரிதாபம் பொறாமைக்கு எதிர்ச்சரக்கு என்பதால் எண் ஆறுக்கு இறங்கியது. பக்கத்து வரிசையில் இலக்கியா, “சூப்பராப் போகுதுங்க பெரியத்தை, பாக்கெட் போட ஆள் பத்தலீங்க,” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குக் கண்ணும் பயமில்லை, ஒன்றும் பயமில்லை. சம்யுக்தாவுக்குப் பாயசம் இறங்கவில்லை.

மறுநாள் ஊர்ச்சந்தைக்குப் போனாள். அடுக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ரியாஸ் ஏணிமேல் நின்று பொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்த பிஸ்கட்டுக்கு மட்டும் எங்கிருந்து வருது இத்தனை கண்ணு?”

ரியாஸ் துடைப்பதை நிறுத்தினான். “அதுல பாதிக்கு மேல ஒரே ஆளுங்க்கா. எங்க பாஷையில நிலைக்கண்ணுன்னு சொல்லுவோம். மதியத்துல வரும், நின்னு பாத்துட்டுப் போயிரும். பத்தாயிரம் பேர் சும்மா பாத்துட்டுப் போறதும் சரி, இப்படி ஒருத்தர் பாக்கறதும் சரி.”

“ஆரு அது?”

“பேர் சொன்னா என்ற வேலை போயிருமுங்க,” என்று சொல்லிவிட்டு அவன் இன்னும் இரண்டு படி மேலே ஏறிக்கொண்டான்.

அன்று முழுவதும் அவளுக்கு அதே நினைப்பு. பொறாமைப்படக்கூட இலக்கியாவுக்குத்தான் விசுவாசமான ஆள் அமைகிறது. வெயிலில் பஸ் பிடித்து வந்து, நின்று, வயிறெரிந்துவிட்டுப் போகிற அளவுக்கு ஒருத்தி. அப்படி ஒருத்தி மட்டும் தனக்கு இருந்தால் போதும். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து, பேச்சுக் கொடுத்து, தன் பக்கம் இழுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மதியங்களில் எண்ணெய் டின்களுக்குப் பின்னால் இடம்பிடித்து, ‘வாலு’ அடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் காவல் நின்றாள். ஒருத்தி குழந்தையோடு வந்தாள், எடுத்தாள், போனாள். இன்னொருத்தி விலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இவர்களில் யாரும் இல்லை. ஆனால் எண் ஏறிக்கொண்டே இருந்தது. முந்நூற்றைம்பது. முந்நூற்றுத் தொண்ணூறு. எத்தனை அழகாகப் பாக்கெட் போட்டிருக்கிறாள் இலக்கியா, குரங்குகூட என்னைப் பார்த்தே சிரிக்கிறது என்று நினைத்தபோது நானூற்றைத் தாண்டியது.

சம்யுக்தா பதறிப்போய் டின்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அந்த வரிசையில் ரியாஸைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

“இப்பத்தான் நின்னிருக்கா தம்பி, எண்ணு ஏறுது பாரு. எந்தப் பக்கம் போனா?”

ரியாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஏனுங்க்கா, நீங்க ஒரு வாரம் வராம இருந்து பாருங்களேன்.”

அவளுக்குக் காது இரண்டும் சுட்டன. பையைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருடமாக, தன் சரக்கைப் பார்க்கிற சாக்கில், தினமும் தவறாமல் போய் ஓரகத்தியின் அடுக்கைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். அவளுடைய ஒரு கண் ‘தளிர்’ மேல் பட்டதில்லை. கூலியில்லாமல் இப்படி ஒரு வேலைக்காரி யாருக்குக் கிடைப்பாள். வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் போகவில்லை.

‘வாலு’ மளமளவென்று இறங்கியது. நூற்றைம்பதுக்குக் கீழே போனால் கண்மட்ட அடுக்கு பறிபோகும், அதை நம்பித் தருவதாகச் சொன்ன பெங்களூரு ஆர்டரும் போகும் என்று கணவர் வந்து சொன்னார். சம்யுக்தாவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்த வாரக் கடைசியில் இலக்கியா வந்தாள். பையனுக்கு என்று ஒரு ‘வாலு’ பாக்கெட்டை டீப்பாயின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“ஏனுங்க்கா, கடைப்பக்கம் காணவே காணோமே. மேலுக்குச் சொகமில்லீங்களா?”

“உன்ற வணிகத்துணை அனுப்பிச்சு உட்டுச்சா?”

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். “நிலைக்கண்ணு போயிருச்சுன்னுதானுங்க அது சொல்லுச்சு. ஆருன்னு சொல்லல. எனக்கே தெரியுமுங்க்கா. ரொம்ப நாளாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?”

“அதை எப்படீங்க்கா உங்ககிட்ட வந்து சொல்லறது?”

சம்யுக்தா கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள். “நீ என்னையப் பாத்து ஒரு நாளாவது பொறாமைப்பட்டிருக்கியா?”

இலக்கியா நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. “பட்டுப் பாத்தேனுங்க்கா. உங்க அடுக்கை எடுக்கப்போறாங்கன்னு தெரிஞ்சதும், காலையில கடை தொறந்தவுடனே நானே போய் ‘தளிர்’ முன்னாடி நின்னேன். அக்கா வறுக்கற பக்குவம் எனக்கு வரலியே, அக்கா சொன்னா வீட்ல எல்லாரும் கேக்கறாங்களேன்னு என்னென்னமோ நெனச்சுப் பாத்தேன். எப்படியாச்சும் அம்பது வந்துட்டாப் போதும்னு. எண்ணு அசையவே இல்லீங்க்கா. எனக்கு உங்க மேல அது வரமாட்டீங்குது.”

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். கண்பொட்டுக்குப் பாசத்தைப் படிக்கத் தெரியாததால் ‘தளிர்’ தோற்றது என்பதுதான் அவள் சொன்னதன் பொருள். சம்யுக்தாவுக்கு அறைந்தது போல் இருந்தது. இவளுக்கு அடுக்கும் அமைந்தது, ஆர்டரும் அமைந்தது. அதோடு இப்படி ஒரு மனசுமா. இராத்திரி படுத்தால் தூங்குகிற மனசு. யாருடைய பாக்கெட்டைப் பார்த்தாலும் எரியாத வயிறு. அதை அவள் சம்பாதிக்கக்கூட இல்லை, பிறக்கும்போதே கொண்டுவந்துவிட்டாள். தனக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று நினைத்தபோது சம்யுக்தாவுக்கு மூச்சு நின்று வந்தது.

டீப்பாயின் மேலிருந்த பாக்கெட்டில் எண் ஏறத் தொடங்கியது. இருநூறு. நானூறு. கடையில் ஒருநாளும் வராத எண்களையெல்லாம் தாண்டி அது போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

பாக்கெட்டைக் குப்புறத் திருப்பிவைத்தால் போதும், பொட்டுக்குக் கண் மறைந்துவிடும். இலக்கியாவின் கை அதற்காகத்தான் நீண்டது. பாதியில் நின்றது. அவளுடைய பட்டறையிலும் நாற்பது பெண்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“நான் இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேனுங்க்கா,” என்றாள்.