துஷ்டி வீட்டில் ஒரு கை அதிகம்

ஆத்தூருக்குள் கார் நுழைந்தாலே ஈர வெற்றிலை வாசனை மூக்கில் ஏறும். அன்று செல்வராணிக்கு ஏறவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. எச்சில் விழுங்கும்போது தொண்டை மட்டும் எரிந்தது.

"என்னளா, காத்து வாங்குதியா?" என்றான் காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் தங்கதுரை. "உள்ள போனதும் மதினியக் கட்டி நல்லா அழு. தூத்துக்குடியில கடை போட்டதும் ஆளுக பெருசாயிட்டாவன்னு ஏற்கெனவே பேச்சு."

அவனுடைய அண்ணன் பிச்சையா அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். சாவுச் செய்தி வந்தபோது செல்வராணி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கொரோனா கிட்டுடன் நின்றிருந்தாள். அதில் இரண்டு கோடு விழுந்திருந்தது.

மெடிக்கல் கடை நடத்துகிறவளுக்கு இரண்டு கோடு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இருமிக்கொண்டு கடைக்கு வருகிற அண்ணாச்சிமாரிடம், "மாஸ்க் போடுங்க, இன்னும் அது போயிரல. வீட்ல நோயாளி இருந்தா கிட்ட போவாதிய" என்று வாய் வலிக்கச் சொல்கிறவளே அவள்தான். அந்த வாய் அன்று காலையில் தன் புருஷனிடம்கூடத் திறக்கவில்லை. கிட்டைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கினாள். காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொழுந்தன் பெண்டாட்டி துஷ்டிக்கு வரவில்லை என்றால் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்களே! மாஸ்க் கைப்பையில்தான் இருந்தது. போட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் போடவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வீட்டில் சண்முகப்ரியா இருந்தாள். பிச்சையாவின் ஒரே மகள். அவள் உடம்பில் வேலை செய்வது அம்மா சந்தனமாரி கொடுத்த சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் தினமும் சாப்பிடும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அமுக்கிவிடும். அந்த மாத்திரையை மாதாமாதம் வரவழைத்துக் கொடுப்பதும் செல்வராணிதான். கொரோனா வந்தால் அந்தப் பிள்ளை தாங்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? 'பிரியா பக்கம் மட்டும் போகமாட்டேன், தூரத்தில் நின்றே அழுதுவிட்டு வந்துவிடுவேன்' என்று உப்பளம் தாண்டும்போதும் சொல்லிக்கொண்டாள், பழையகாயல் தாண்டும்போதும் சொல்லிக்கொண்டாள். தப்புச் செய்கிறவளுக்குச் சமாதானமா கிடைக்காது!

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கதுரை அவர்களோடு நின்றுகொண்டான். செல்வராணி உள்ளே போனாள்.

வெளியே உச்சிவெயில் அடித்தது. உள்ளே அரையிருட்டு. சாவு வீட்டுக் கூடத்தில் சன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். நடுவில் ஐஸ் பெட்டி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பெண்கள். இந்தப் பக்கத்துச் சாவு வீடுகளில் தனியாக யாரும் அழுவதில்லை. வந்தவள் குனிந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். தலையோடு தலை சேர்த்து, ஒருத்தி விடுகிற மூச்சை இன்னொருத்தி வாங்கி, ஆடி ஆடி அழுவார்கள்.

"ஏ ராணீ… உங்க அத்தான் போயிட்டாவளே!" என்று சந்தனமாரி இரண்டு கையையும் நீட்டினாள்.

செல்வராணி ஒரு நொடி தயங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குனிந்துவிட்டாள்.

சந்தனமாரியின் ஈரக் கன்னம் அவள் கன்னத்தில் ஒட்டியது. வலப்பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுச் சுடலைச்செல்வியின் கை வந்து தோளைச் சுற்றியது. மூன்று பேரும் சேர்ந்து அழுதார்கள். செல்வராணிக்கு அழுகையும் வந்தது, இருமலும் வந்தது. இருமலை அழுகைக்குள் மறைத்துக்கொண்டாள். சீ, என்ன பிறவி நான் என்று அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

பிளீச்சிங் பவுடர். நெடி மூக்கைப் பிய்த்தது. தலைமாட்டில் எரிந்த ஊதுபத்தி அவளுக்குத் தெரியவில்லை, ரோஜா மாலை தெரியவில்லை. இது மட்டும் தெரிந்தது.

கழுத்தின் பின்புறம் ஏதோ சரசரத்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் கழுத்தைச் சுற்றி வந்தது. யாரோ புதிதாக வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தக் கை சில்லென்று இருந்தது. தோல் பட்ட மாதிரியே இல்லை. வழவழவென்று, தடித்த பாலிதீன் பைக்குள் இருந்துகொண்டு யாரோ கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஏளா ராணி…" காதோரம் ஒரு குரல். மூச்சுக்காற்று இல்லாத குரல். "எனக்கு யாரும் இப்படிக் கட்டி அழலியே."

அது தங்கதுரையின் அக்கா பகவதியின் குரல். புருஷனை இழந்து தம்பி பிச்சையா வீட்டோடு வந்து தங்கியவள். பிரியாவைத் தூக்கி வளர்த்தவள். கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. பாலிதீன் பையில் சுற்றி, பிளீச்சிங் பவுடரைத் தூவி, அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கு அந்த நோயை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

செல்வராணி எழுந்துவிடப் பார்த்தாள். கை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து அறைக் கதவு திறந்தது.

பிரியா நின்றாள். மாஸ்க் போட்டிருந்தாள். அழுது அழுது அது நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அவளை யாரும் தொடவிடாமல் அறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். சித்தியைப் பார்த்ததும் பிள்ளைக்குத் தாங்கவில்லை.

"சித்தி!"

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஓடி வந்தாள். மற்றவர்களை நம்பாவிட்டாலும் மெடிக்கல் சித்தியை நம்பலாம் அல்லவா?

கழுத்திலிருந்த கை இறுகியது.

செல்வராணிக்கு மூச்சு நின்றது. சரசரப்பு காதை அடைத்தது.

"சொல்லிரு."

பிரியா ஐஸ் பெட்டியைத் தாண்டிவிட்டாள்.

"சொல்லிருளா."

"வராத!" செல்வராணி அலறினாள். "கிட்ட வராத பிரியா! எனக்குக் கொரோனா!"

அழுகைச் சத்தம் அத்தனையும் நின்றுபோனது. ஐஸ் பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. சுடலைச்செல்வி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மற்ற பெண்கள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்கள்.

சந்தனமாரிதான் கேட்டாள். "எப்பத் தெரியும்?"

"காலையிலயே."

"தெரிஞ்சுக்கிட்டா வந்து என்னையக் கட்டுன?"

செல்வராணிக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. வெட்கத்தில் காய்ச்சலையும் மிஞ்சி உடம்பு கொதித்தது.

"அம்மா…" என்று பிரியா தாயை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

சந்தனமாரி கையை உயர்த்தித் தடுத்தாள். "வேண்டாம் மக்கா. இவ மூச்சு என் மேல பட்டுட்டு. மாஸ்க்க மேல ஏத்து. உள்ள போய்ச் சன்னலத் திறந்து வச்சுக்க. அம்மையும் இனி உன்கிட்ட வரக்கூடாது."

தகப்பன் பிணமாகக் கிடக்கிறார். தாயும் மகளும் கட்டிக்கொள்ள முடியாமல், இரண்டு சுவரோரமாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்து அழுதார்கள். சிறுநீரகத்தையே கொடுத்தவளுக்கு அன்று தன் மகள் கண்ணீரைத் துடைத்துவிட வழியில்லை. பிரியா அழுதபடியே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யாரும் செல்வராணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சன்னல் எல்லாத்தையும் திறங்க. பெட்டியப் பந்தலுக்குத் தூக்கிட்டுப் போங்க. எல்லாரும் வெளிய தள்ளித் தள்ளி உக்காருங்க."

செல்வராணி வெளியே வந்தாள். பந்தல் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தங்கதுரை அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்கிட்டக்கூடச் சொல்லலியேளா," என்றான். பிறகு அவனும் விலகி நின்றுகொண்டான்.

தெருக்கோடியில் ஒரு பூவரசமரம் இருந்தது. அதன் அடியில் போய் நின்று, கைப்பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மனிதர்கூட இல்லை.

மாஸ்க்குக்குள்ளும் அதே பிளீச்சிங் பவுடர் நெடி.

கழுத்தைக் கட்டியிருந்த கை இன்னும் விலகவில்லை. ஒரு கன்னம் வந்து அவள் கன்னத்தோடு ஒட்டியது. சரசரத்தபடி அது அவளை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, அழ ஆரம்பித்தது.